மூன்றாம் நிமிடத்துக் குன்று

தவநேசனின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி
நான்கு புள்ளி ஒன்று.
வாய்ப்பே இல்லை.
வினிபெக்கிலிருந்து ட்ரக் ஓட்டி வருகிறவர்,
இரட்டைச் சர்க்கரை இரட்டைக் கிரீம் கோப்பி
நாளுக்கு ஏழு என்று
ஊசி ஏறும்போது அவரே ஒப்புக்கொண்டிருந்தார்.

மறுபடி ஓட்டினேன்.
இரவு ஷிப்ட், வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
தண்டர் பே மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
இயந்திரம் இரத்தத்தை வடித்து வடித்து
ஒரு கோடு இழுத்துக்கொண்டு போனது.
எல்லோருக்கும் எழும் பெரிய மலை
எழுந்தது, இறங்கியது.
பிறகு,
ஒருவருக்கும் ஒன்றும் எழாத மூன்றாம் நிமிடத்தில்
அதில் பாதி உயரத்துக்கு ஒரு குன்று.

எஸ் இல்லை. சி இல்லை. ஈ இல்லை.
அந்த எழுத்துகளுக்கு நிலம் உண்டு.
மலேரியாக் கொசு எங்கே பாடியதோ
அங்கே பெருகியவை;
மேற்கு ஆப்பிரிக்காவில் ஒன்று, மேகாங் கரையில் ஒன்று,
சாவுக்கு வட்டி கட்டி வாழ வந்தவை.
இது யாருக்கும் எதையும் கட்டவில்லை.
எவரையும் காக்காமல், எவரையும் கொல்லாமல்
ஏதோ ஒரு குடும்பத்தில்
வாடகை இல்லாமல் குடியிருந்தது.

எழுத்துகள் தீர்ந்தபின்
ஊர்ப்பெயர் வைக்கத் தொடங்கினார்கள்,
கண்டெடுத்த ஊரின் பெயர்.
கோல்ன். ஜூரிக். ஹோப் என்றொரு அமெரிக்கச் சிற்றூர்.
பஞ்சாப் என்றும் லாஸ் ஏஞ்சலிஸ் என்றும்
ஒரே மாற்றத்துக்கு இரண்டு பெயர் இருக்கிறது.
இரண்டு முனையில் இரண்டு பேர்
ஒருவரையொருவர் அறியாமல் குனிந்து பார்த்திருக்கிறார்கள்.

ஹமில்டனுக்கு அனுப்ப இன்னொரு குழாய் வேண்டும்.
விடியுமுன் வந்தார்,
தானியக் கிடங்குப் பக்கம் ட்ரக்கை விட்டுவிட்டு.
படிவத்தில் ஒரு கட்டம்: பூர்வீகம்.
"பிறந்தது அல்வாய். அம்மா வழி நெடுந்தீவு.
அதுக்கு முந்தி ஆரைக் கேக்க?
இது வருத்தமே, பிள்ளை?"
இல்லை அண்ணை, சும்மா இருக்கிறது.
"சும்மா இருக்கிறதுக்கே
இவ்வளவு இரத்தம் எடுக்கிறியள்?"

பிப்ரவரியில் இரண்டாவது குன்று.
அய்லி கோஸ்கினன், எண்பத்தொரு வயது.
பாட்டன் பின்லாந்திலிருந்து மரம் வெட்ட வந்தவராம்.
அதே நிமிடம். அதே உயரம்.
இரண்டு தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்,
ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் உட்கார்ந்தது.

சொன்னால் வெட்கம்:
அன்றிலிருந்து இரண்டு வாரம்
ஒரு பின்லாந்து மாலுமியை வளர்த்தேன்.
பருத்தித்துறையில் அவன் கப்பலுக்குப் பாய் கிழிந்தது.
மழை பெய்தது. ஒரு கதவு திறந்தது.
அவனுக்குத் தாடிகூட வைத்துவிட்டேன்.

ஹமில்டனிலிருந்து முடிவு வந்தது.
நூற்று நாற்பத்தாறு மணிகள் கோத்த சரம்,
இருவருக்கும் அதே மணிதான் மாறியிருக்கிறது,
அதே எழுத்துப் பிழைதான்.
ஆனால் அதைச் சுற்றி எழுதியிருந்ததெல்லாம் வேறு வேறு.
உறவில்லை.
ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு ஏடுகள்
ஒரே சொல்லில் தடுக்கியிருக்கின்றன.
என் மாலுமி கரையேறாமலே
நனைந்த தாடியோடு திரும்பிப் போனான்.

புதியது, ஆகவே பெயர் வேண்டும்.
முறைப்படி தண்டர் பே.
தவநேசனுக்குச் சொன்னபோது
கொஞ்ச நேரம் தொலைபேசியில் எஞ்சின் சத்தம் மட்டும்.
"எனக்குக் குடியுரிமை இன்னும் வரேல்லை.
இரத்தத்துக்கு வந்திட்டுது, என்ன?"

நான் என் இரத்தத்தையும் ஓட்டிப் பார்த்தேன்.
ஒரே ஒரு மலை. அப்புறம் சமவெளி.
எதிர்பார்த்ததுதான்,
ஆனாலும் அந்தத் தாளைக் கிழிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

ஏப்ரலில் ஒரு காலை, ஆள் பற்றாக்குறை,
ஷிப்ட் முடிந்தும் ஊசி அறையில் நின்றேன்.
வெளியே நாற்காலி வரிசையில் அவரும் அய்லியும்,
நடுவில் ஒரு காலி நாற்காலி,
அதில் அய்லியின் ஈரக் கையுறை.
சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
தெருப்பனி அள்ளும் வண்டி
தன் வாசலையே மூடிவிட்டுப் போனதாக
அய்லி புகார் சொல்லிக்கொண்டிருந்தார்.
அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார், பாதி புரிந்து.

தொண்ணூற்றிரண்டு என்று கூப்பிட்டேன்.
எண் அவருடையது.
எழுந்தவர்
"யூ ஃபர்ஸ்ட், அம்மா" என்றார்.